‘கோ ஆஃப்’: சில ஐயங்களும் ஓர் ஆப்பும்

ஆங்கிலத்தில் விளக்கு ‘கோ ஆஃப்’ ஆனால் அணைந்துவிட்டது என்று பொருள். அலாரம் ‘கோ ஆஃப்’ ஆனால் அடிக்கிறது என்று பொருள். ஸ்விட்ச்சை நம்பி ‘ஆஃப்’ கற்ற தமிழன், அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்று கேட்டதும் யாரோ அதை அமுக்கிவிட்டார்கள் என்று போர்வையை இழுத்துக்கொள்கிறான் (ஆதாரம்: கட்டில், இடப்பக்கம்).

இவ்வகை வினைக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று பெயர். லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் தம் நூலில் இப்பெயரை எடுத்தாண்டு, சொல்லித் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஹென்றி பிராட்லி என்றார். பெயருக்கு முன்பே தலைவலி வந்தாயிற்று. சாமுவேல் ஜான்சன் தமது 1755 அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒட்டும் இந்தச் சிறு சொற்கள் அயலாரைப் பாடாய்ப் படுத்தும் என்று சொல்லி ‘கம் ஆஃப்’, ‘ஃபால் ஆஃப்’, ‘பிரேக் ஆஃப்’ என அடுக்கினார்.

இனி ‘கோ ஆஃப்’பின் வகைகள். வெடிகுண்டு: வெடிக்கும். ஆள்: கிளம்பிப் போவார். பால்: திரிந்துபோகும் (சமையலறைப் பதிப்பு, பாத்திரம், அடிப்பகுதி). நேற்றுவரை பிடித்த காபி: பிரிட்டிஷ்காரருக்குப் பிடிக்காமல் போகும்.

தமிழின் ‘போ’வும் இதே வேலையைத்தான் பார்க்கிறது என்பது கவனிக்கத்தக்கது. அணைந்துபோகும், கெட்டுப்போகும், கரண்ட்கூடப் போகும். அலாரம் மட்டும் எங்கும் போகாது. இருந்த இடத்திலேயே அடிக்கும்.

இவ்விடத்தில், உலகத்துச் சொல்லையெல்லாம் தமிழுக்குத் திருப்பி அழைத்துவரும் வேர்ச்சொல் ஆய்வாளர் குறுக்கிடுகிறார். ‘கோ’ என்றால் அரசன். ‘ஆஃப்’, ஆப்பின் திரிபு. ஆகவே ‘கோ ஆஃப்’ என்பது அரசனுக்கு வைத்த ஆப்பு. ஆட்சி போனதால் விளக்கு அணைந்தது. கலவரம் மூண்டதால் மணி அடித்தது. இரு பொருளும் அடங்கிவிட்டன அல்லவா என்கிறார் (மேற்கோள்: செல்லரித்த சுவடி, அரித்த பகுதியில் மிகத் தெளிவாக உள்ளது).

இலக்கணப் பண்டிதருக்கு அரசனைப் பற்றிக் கவலையில்லை, ஆய்தம்தான் கவலை. தொல்காப்பியப்படி ஆய்தத்துக்கு முன்னால் குறில் வேண்டும், பின்னால் உயிரேறிய வல்லினம் வேண்டும். அஃது, எஃகு போல. ‘ஆஃப்’பில் முன்னால் நெடில், பின்னால் புள்ளி வைத்த ‘ப்’. ஒரே சொல்லில் இரண்டு குற்றம். எனவே தமிழில் எதையும் ‘ஆஃப்’ செய்ய இலக்கணம் இடம் தராது. ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் (காண்க: மின்கட்டண அட்டை, பின்பக்கம், அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, மனைவியின் கையெழுத்தில், சிவப்பு மை).

பண்டிதர் மூன்றாம் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. உடனே இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. ஆய்வாளர் இரண்டையும் குறிப்பேட்டில் ‘வென்ட் ஆஃப்’ என்று ஒரே சொல்லால் எழுதி, டீ போடலாம் என்று இருட்டில் தடவிப் பாலை எடுத்தார். அதுவும் காலையிலேயே ‘வென்ட் ஆஃப்’.