மகன் வயலுக்குப் போகிறான்!

கேள்வி: திருச்சி என்.ஐ.டி.யில் படித்த மகன், பெங்களூரு ஐ.டி. வேலையை விட்டுவிட்டு மாப்பிள்ளைச் சம்பா நெல் பயிரிடப் போகிறேன் என்கிறானே? – ஒரு தாயார், துவாக்குடி

பதில்: பதறாதீர்கள் அம்மா. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலைய வேலையை உதறியவர்தான். கரூர் மாவட்டம் கடவூரில் அவர் தொடங்கிய ‘வானகம்’ பண்ணைக்குப் பயிற்சிக்கு அனுப்பி வையுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: மாப்பிள்ளைச் சம்பா விளைய ஐந்து மாதத்துக்கு மேலாகும். அதுவரை ஒண்ணாந்தேதி சம்பளம் கிடையாது. ஆளுயரம் வளரும், அறுப்பு நேரத்தில் ஒரு காற்றடித்தால் மொத்தமும் சாய்ந்து படுத்துக்கொள்ளும். மேனேஜரிடம் புகார் செய்யவும் முடியாது. (கைத்தறிச் சட்டை, இன்ஸ்டாகிராம் படமெல்லாம் அறுவடைக்கு அப்புறம்.)

ராஜினாமாவுக்கு முன் ஒரு பருவம் லீவு போட்டு நாற்று நடட்டும். பெண் பார்ப்பதை மட்டும் இப்போதே முடித்துவிடுங்கள்!