நழுவியல்: மட்டாஞ்சேரியிலிருந்து ஓர் ஆய்வு

இணையத்தில் பழைய சாமான் விற்றவர்கள் எல்லாரும் அறிந்த உயிரினம் அது. கூடுதலாக நாலு போட்டோ கேட்கும். "ஞாயிறு பத்து மணிக்கு வரேன், வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்று உருகும். பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு சரி. இதற்கு 'நழுவுநர்' என்று பெயரிடுகிறோம். புலவர்கள் பொறுத்தருள்க.

களமாகக் கொச்சியின் மட்டாஞ்சேரியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒப்புக்கொண்டவன் கைவிரித்தால் என்ன செய்வது என்ற கவலை இந்தக் கரைக்கு ஏறத்தாழ 2000 வயது. வடக்கே கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்த முசிறித் துறைமுகத்தின் வணிகத்துக்காக எழுதிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் பத்திரம் ஒன்று பாப்பிரஸ் தாளில் வியன்னாவில் இருக்கிறது. தவணை தவறினால் கொடுத்தவர் பிணைச் சரக்கைக் கைப்பற்றலாம் என்கிறது அது. 1957இல் தொடங்கிய மிளகு வணிகர் சங்கம் மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் இருக்கிறது. அதன் கூடத்தில் வியாபாரிகள் ஒரு காலத்தில் தொலைபேசியும் கையுமாக நின்று விலை கூவினார்கள். கூவியவன் மார்ஜின் கட்ட வேண்டும். வெறும் வாய்க்கு அங்கே மதிப்பில்லை.

இன்றோ வாய்கூட வேண்டாம். 2016இல் வந்த ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் 'இது இன்னும் இருக்கிறதா?' என்ற கேள்வி தயாராகவே இருக்கிறது, தட்டினால் போய்விடும். அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுவது விற்பவர் செய்யும் முதல் தவறு.

நம் கருதுகோள்: பேரம் பேசாதவன் வரமாட்டான். சான்றாக ஒரு பிரம்பு நாற்காலி. விலை 4,500 போட்டிருந்தேன். ஒருவர், "சூப்பர் சேட்டா, ஞான் எடுத்தோளாம்" என்றார். மறு பேச்சில்லை, மனிதரும் இல்லை. இன்னொருவர் நேரில் வந்தார். நாற்காலியைக் கவிழ்த்துக் காலைத் தட்டி, "இது மட்டி மரமல்லே?" என்றார். அறுந்த பிரம்பில் விரலை விட்டு ஆட்டினார். 2,800 சொல்லிவிட்டு கேட் வரை போனார், திரும்பினார், 3,400க்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். பொருளை மனதாரத் திட்டுகிறவர் பாதி வாங்கியாயிற்று.

நழுவுநர் சொல்லும் சாக்குகளில் மட்டாஞ்சேரி பி.ஓ.டி. பாலத்து டிராஃபிக் ப்ளாக் சாதாரண ரகம். 'வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுட்டு' என்பதுதான் உயர்தரம். அதற்கு மேல்முறையீடே கிடையாது. சட்டம் இருக்கத்தான் இருக்கிறது: 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, வாங்க மறுத்தவர்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட இடம் தருகிறது. ஒரு நாற்காலிக்கு வக்கீல் வைத்தால் அவர் உட்கார இன்னொரு நாற்காலி வாங்க வேண்டிவரும்.

ஆகவே, சிறு தொகை அச்சாரம் வராமல் பொருளை யாருக்கும் ஒதுக்கி வைக்கக்கூடாது. அடுத்து நிற்பவரின் நம்பரையும் அழிக்கக்கூடாது. அச்சாரம் அனுப்புகிறேன் என்று க்யூஆர் கோடு அனுப்பி நம்மை ஸ்கேன் செய்யச் சொல்பவர் வேறு இனம், திருடர் இனம். பணம் வாங்க யூபிஐ பின் நம்பர் போடத் தேவையே இல்லை.

அச்சாரம் கட்டிய பிறகும் நழுவியவர் ஒருவர் உண்டு. இருநூறு ரூபாய். அதைத் திரும்ப வாங்கிப்போக ஞாயிறு காலை சரியாகப் பத்து மணிக்கு, எந்த ப்ளாக்கிலும் மாட்டாமல், நேரிலேயே வந்து பெல் அடித்தார்.