'இதோ' தம்பி

எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் தம்பிக்குத் தெருவில் 'இதோ' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. கும்பகோணத்தில் உட்கார்ந்தபடி, அமெரிக்காவின் ஒஹையோவில் வீடு விற்றுக்கொடுக்கும் ஓர் அம்மையாருக்கு உதவியாளர் வேலை பார்க்கிறான். மெயிலைப் பிரித்து அடுக்குவது, வீடு பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் குறிப்பது, எக்செல்லில் கணக்கு ஏற்றுவது, அம்மையாருக்குப் பல் டாக்டரை நினைவுபடுத்துவது எல்லாம் இவன் பொறுப்பு. இவனுடைய கடைவாய்ப் பல் மூன்று வருஷமாக வலிக்கிறது.

தொழிலுக்கு இவன் போட்ட முதல், வேகம். ஃபைவர் மாதிரி, இவனைப் போன்றவர்களுக்கு வேலை பிடித்துத் தரும் இணையத் தளங்களில், ஆள் சராசரியாக எத்தனை நேரத்தில் பதில் சொல்வான் என்பதை ஊரறிய எழுதிப் போட்டுவிடுகிறார்கள். சம்பாதிக்கும் நூறில் இருபதைத் தளம் எடுத்துக்கொள்கிறது. அது இவனுக்கு வருத்தமில்லை. 'ஒரு மணி நேரம்' என்ற அந்த வரி இரண்டு மணியாகிவிடக் கூடாது. அதற்காகக் குளிக்கப் போகும்போதும் போன் கூடவே போகும், பிளாஸ்டிக் பைக்குள்.

மெயில் வந்த நாற்பதாவது விநாடி, "இதோ, செய்கிறேன்" பறக்கும். அதே சொல்லுக்கு வீட்டில் பொருள் வேறு. "சிலிண்டரை மாத்திக் குடுடா" என்று அம்மா வெள்ளிக்கிழமை கேட்டார். "இதோம்மா" என்றான். ஞாயிறு வரை எங்கள் வீட்டு அடுப்பில்தான் அவர்களுக்குக் காபி.

அம்மையாரின் காலை ஒன்பது மணி, கோடையில் நமக்கு மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்தால் அதுவே ஏழரை. "உனக்கு ஏழரை ஆரம்பிச்சுடுச்சுடா" என்று அம்மா டிபன் நேரத்தைத் தள்ளிவைப்பார். நல்லவேளை, இந்த ஏழரை மார்ச் மாதத்தோடு விலகிவிடும்.

ஒருநாள் பராமரிப்புப் பணி என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரும் கை விரித்தது. வேறு வழியில்லாமல், "உங்கள் காலை ஒன்பது மணிக்குத் தந்துவிடுகிறேன்" என்று போனில் தட்டிவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தான். கரண்ட் வந்ததும் முடித்து, சொன்ன மணிக்கு அனுப்பினான். ஐந்து நட்சத்திரத்தோடு பதில் வந்தது: "நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். மற்ற நாளில் வேலையை உன்னிடம் தள்ளிவிட்டுப் படுத்தால், கண் மூடுவதற்குள் மூன்று சந்தேகத்தோடு வந்து நிற்பாய்!"

வாடிக்கையாளருக்கு வேண்டியது நாற்பது விநாடி அல்ல, நம்பி உறங்க ஒரு குறித்த நேரம் என்பது அன்றுதான் அவனுக்கு உறைத்தது. இப்போதெல்லாம் அவன் நேரம் சொல்கிறான், சொன்ன நேரத்துக்கு முடிக்கிறான். அம்மாவிடமும் அப்படித்தான்: "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மாத்துறேம்மா." பத்துக்கு மாற்றியும்விட்டான்.

தெருவில் பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை.