தவறு நோட்டுக்காரர்

ஞாயிற்றுக்கிழமை ஓபன் செஸ் போட்டி நடக்கும் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். வயது நாற்பத்தைந்துக்கு மேல். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நீள நோட்டு. எதிரே மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், உயரம் போதாமல் நாற்காலியில் முட்டி போட்டுக்கொண்டு ஆடுவான். பையனின் அம்மா வெளியே டிபன் டப்பாவோடு காத்திருப்பார்.

இவர் தோற்பார். அது செய்தியல்ல. தோற்ற பிறகுதான் இவருடைய ஆட்டமே ஆரம்பம்.

"தோல்வின்னு சொல்லாதீங்க சார், பாடம்" என்பார். பாடங்கள் எல்லாம் அந்த நோட்டில் இருக்கின்றன. தேதி, எதிராளியின் ரேட்டிங், ஓப்பனிங், தவறு, கற்ற பாடம் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருப்பார். மோசமான நகர்த்தலுக்குச் செஸ் புத்தக வழக்கப்படி இரண்டு கேள்விக்குறி, சிவப்பு மையில். கடைசிக் கட்டத்தில் முத்து முத்தான கையெழுத்து: "சிசிலியன் நைடார்ஃபில் ஆறாவது நகர்த்தலாக மந்திரியை இ3-க்குப் பதில் ஜி5-க்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்."

ஆட்டத்தில் நடந்ததோ வேறு. பத்தொன்பதாவது நகர்த்தலில், பையனின் குதிரை எங்கே நிற்கிறது என்று பாராமல் ராணியைக் கொண்டுபோய் அதன் வாயில் வைத்தார். போன போட்டியில் யானையின் வாயில். அதற்கு முந்தினதில் ஒரு சாதாரணச் சிப்பாயிடம். எதிராளி என்ன ஆடினான் என்று பார்த்துவிட்டுத் தன் காயைத் தொட வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் நோட்டில் எங்குமே கிடையாது. அவ்வளவு சின்ன விஷயத்தை எழுதக் கூச்சம் போலிருக்கிறது. ராணியைச் சும்மா கொடுத்தவர் என்பதைவிட நைடார்ஃபில் சறுக்கினவர் என்பதில் ஒரு கௌரவம் இருக்கத்தானே செய்கிறது?

பையனும் லேசில் தப்ப முடியாது. காயை மறுபடி அடுக்கி ஆராய்ச்சி நடக்கும்.

"தம்பி, இங்க நான் குதிரைய எஃப்5-ல வெச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"ராணிய வெட்டியிருப்பேன் அங்கிள்."

"ராணிய விடு. ராணி சேஃபா இருக்குன்னு வெச்சுக்கோ."

"இல்லையே அங்கிள்."

"இருக்குன்னு வெச்சுக்கோப்பா!"

பையன் வைத்துக்கொள்கிறான். செத்த ராணி எழுந்து வருகிறது, ஆறே நகர்த்தலில் இவர் ஜெயித்தும் விடுகிறார். "சரி அங்கிள், நான் லெமன் சாதம் சாப்பிடப் போகலாமா?" என்கிறான் பையன்.

ஆறுதலுக்கு இவருக்கு உலக சாம்பியன்களின் பெரிய குடும்பமே உண்டு. 2006-இல் பான் நகரத்தில் டீப் ஃபிரிட்ஸ் கம்ப்யூட்டருக்கு எதிராக, ஒரே நகர்த்தலில் விழப்போகும் செக்மேட்டைக் கவனிக்காமல் விட்ட கிராம்னிக். 1972-இல் ரெய்க்யவிக்கில், ஸ்பாஸ்கியுடன் முதல் ஆட்டத்திலேயே மூலைச் சிப்பாய்க்கு ஆசைப்பட்டு மந்திரியைச் சிக்கவைத்த ஃபிஷர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், கடைசி ஆட்டத்தின் 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2-இல் வைத்து உலகப் பட்டத்தையே குகேஷுக்குக் கொடுத்துவிட்ட டிங் லிரன். மூவரையும் பங்காளி முறையில்தான் பேசுவார். "நம்ம டிங் பண்ணாததையா நான் பண்ணிட்டேன்?" அவர்கள் வாழ்நாளில் ஒன்றிரண்டு தடவை செய்ததை இவர் வாராவாரம் செய்கிறார் என்ற வேற்றுமை குடும்பத்துக்குள் பேசத்தக்கதல்ல.

நியாயமாகச் சொன்னால், ஒரே ஒரு முறை சரியான மருந்து இவர் கைக்குக் கிடைத்தது. கோட்டோவ் எழுதிய பழைய ரஷ்யப் புத்தகத்தில், புளூமன்ஃபெல்ட் என்ற ஆட்டக்காரர் சொன்னதாக ஒரு யோசனை வருகிறது: நகர்த்தலை முதலில் தாளில் எழுது, பிறகு கற்றுக்குட்டியின் கண்ணால் பலகையை ஒரு நிமிஷம் பார், அப்புறம் காயைத் தொடு. அடுத்த ஞாயிறே இவர் அமல்படுத்தினார். நான்காவது நகர்த்தலிலேயே நடுவர் வந்து நின்றார். ஆடுவதற்கு முன்னால் எழுதி வைப்பது சர்வதேசச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் இப்போதைய விதிப்படி கூடாது என்று எச்சரித்தார். அந்தப் பதற்றத்தில் ராணி போயிற்று. அன்றைய 'கற்ற பாடம்': "நடுவர்கள் நல்ல புத்தகம் படிப்பதில்லை."

இத்தனைக்கும் பலன் இல்லாமல் போகவில்லை. 2024 மார்ச் 1 அன்று இவருடைய ரேட்டிங் 1150-இலிருந்து ஒரே நாளில் 1490-க்குத் தாவியது. மண்டபம் முழுக்க மைசூர்பாகு. "நோட்டு, சார், எல்லாம் நோட்டு!" ஃபிடே அன்றைக்கு 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும், 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நாற்பது சதவீதத்தைக் கூட்டிப் போட்டிருந்தது. அதை எடுத்துச் சொல்ல வாய் திறந்தவர்கள் வாயிலெல்லாம் இனிப்பு அடைத்துக்கொண்டிருந்தது.

இரட்டைச் சடைச் சிறுமி ஒருத்தி மட்டும் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் அன்னிக்குத்தான் ஏறிச்சு அங்கிள். நான் அன்னிக்கு ஸ்கூல்ல இருந்தேன்."

இவர் அவளை வாஞ்சையோடு பார்த்தார். "அப்ப நீயும் நோட்டு போடறியா பாப்பா?"