கடல் போனது, கம்பெனியும் போனது

இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் சாண்ட்விச் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். ஆற்றில் வண்டல் சேரச் சேர, கடல் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிப் போய்விட்டது.

கடல் போன ஊருக்கு 1950களில் அமெரிக்காவிலிருந்து ஃபைசர் என்ற மருந்துக் கம்பெனி வந்தது. ஆய்வகம் எழும்பியது. விஞ்ஞானி வந்தால் வாடகை வீடு வேண்டும், சாயங்காலம் குடிக்க இடம் வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், ஊர் பிழைத்துக்கொண்டது. நெஞ்சுவலிக்கென்று அங்கே ஒரு மாத்திரை செய்தார்கள். வலிக்கு அது பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பரிசோதனைக்கு வந்த ஆண்கள்தான் வேறொரு ‘பக்க விளைவை’க் கூச்சத்தோடு சொன்னார்கள். 1998இல் அது வயாகரா என்று கடைக்கு வந்தது. உலகமே நிமிர்ந்து பார்த்தது.

2011 பிப்ரவரியில், ஆய்வகத்தை மூடப்போவதாக அறிவிப்பு. அப்போது அங்கே வேலையில் இருந்தவர்கள் சுமார் 2,400 பேர். எத்தனையோ பேரின் தளர்ச்சியைப் போக்கிய ஊர், தன் தளர்ச்சிக்கு லண்டனைப் பார்த்து நின்றது. அரசாங்கம் வரிச்சலுகை என்ற கஷாயத்தைக் கொடுத்தது. வளாகம் கைமாறி, ‘டிஸ்கவரி பார்க்’ என்று பலகை மாட்டிக்கொண்டது.

ஃபைசரும் முழுசாகப் போய்விடவில்லை. சில நூறு பேரை வைத்துக்கொண்டு, தான் கட்டிய இடத்திலேயே குடித்தனக்காரராகத் தங்கிவிட்டது.