தண்ணீர் குடிக்கும் லாரியை வளர்ப்பது எப்படி?

நார்த்தாமலைப் பக்கம் கிரஷரில் ஜல்லி ஏற்றும் பழைய டிப்பர் ஒன்று உங்களிடம் இருக்கிறதா? கீரனூர் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறதா? பதறாதீர்கள். ஒழுகும் இடத்தை மட்டும் தேடிவிடாதீர்கள். தேடினால் கிடைத்துவிடும், கிடைத்தால் செலவு. பெரிய கேன் ஒன்று வாங்கிக் கேபினில் போடுங்கள், போதும்.

கேனில் போர்த் தண்ணீரையே பிடியுங்கள். பாறைப் பூமித் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர்க் குழாய்களில் படிந்து, ஒழுகாத நாளிலும் வண்டியைக் கொதிக்க வைக்கும். கூலன்ட் ஊற்றச் சொல்லி யாராவது வருவார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி ஏழெட்டு டிகிரி ஏறும், துரு பிடிக்காது என்பார்கள். "புதுக்கோட்டையில என்னண்ணே பனியா கொட்டுது?" என்று கேட்டு மடக்கிவிடுங்கள்.

சில ஓனர்கள் வேறு ரகம். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே அடியில் பழைய அட்டையை விரித்து, எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பார்கள். ஓஸ் கிளிப் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரலால் வழித்தால் ஈரம் ஒட்டும். கிளிப்பை ஒரு சுற்று இறுக்கினால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும். இருப்பதிலேயே மலிவான சாமான் அதுதான். ஆகவே அதைக் கடைசியில் மாற்றுங்கள். அதுவரை மூடிக்கு அடியில் டியூப் துண்டு வெட்டிப் போடலாம்.

வாட்டர் பம்புக்கு அடியில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கும். அதில் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். கிளீனர் தம்பி குனிந்து பார்த்து, "அண்ணே, பம்புல ஓட்டை விழுந்திருச்சு" என்று எம்-சீலைப் பிசைவான். தடுக்காதீர்கள். அது கம்பெனியே வைத்த ஓட்டை. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பேரிங் உடைந்து ஃபேன் முன்னால் பாய்ந்தால் பம்பு, ஃபேன், ரேடியேட்டர் மூன்றையும் ஒரே பில்லில் மாற்றிக்கொள்ளலாம்.

மஞ்சள் தூள் வைத்தியமும் உண்டு. ஒரு பிடி போட்டால் ரேடியேட்டரின் ஊசித்துளை அடைபடும். பக்கத்தில் நன்றாக இருக்கும் மெல்லிய குழாய்களும் சேர்ந்தே அடைபடும்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, தண்ணீர் மட்டும் குறைகிறதா? சைலன்சரில் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் விடாமல் குமிழி, டிப் ஸ்டிக்கில் டீக்கடைக் காபி நிறத்தில் ஆயில் என்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். நார்த்தாமலையின் மேலமலைச் சுனைக்கு அடியில் ஜ்வரஹரேஸ்வரர் இருக்கிறார், காய்ச்சல் தீர்க்கும் சாமி. 1857-இல் சுனைநீரை இறைத்த பிறகே புதுக்கோட்டை ராணி அவரை வழிபட முடிந்தது என்று கல்வெட்டு சொல்கிறது. கேஸ்கெட்டையும் தண்ணீரை வடித்து, ஹெட்டை இறக்கினால்தான் பார்க்க முடியும். உங்களுக்கு அந்தப் பொறுமை வேண்டாம். இன்னொரு கேன் வாங்குங்கள்.

ஓடும்போது முள் திடீரென்று கீழே இறங்கினால் வண்டி தானாகவே குணமாகிவிட்டது என்று மகிழுங்கள். சென்சார் வரைக்கும் தண்ணீரே இல்லை என்பதெல்லாம் மெக்கானிக்கின் வயிற்றெரிச்சல். அப்படியே பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் விரிசல் விடும் ஓசை கேட்கலாம்.

ஒன்று மட்டும் கேலியில்லாமல்: எஞ்சின் கொதிக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். துணி சுற்றிய கையும் தப்பாது. கூலன்ட்டைத் தரையிலும் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும் என்று நாய் நக்கும், அது விஷம்.

இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் சீக்கிரமே வண்டியை விற்க வேண்டி வரும். பார்க்க வருகிறவரைக் காலையில் வரச் சொல்லாதீர்கள். ஆறிய எஞ்சினில் நேராக மூடியைத்தான் திறப்பார். நாலு நடை அடித்த பிறகு, சாயங்காலம் வரச் சொல்லுங்கள். எஞ்சின் கொதிக்கும்போது மூடியில் கை வைக்க அவருக்கும் துணிவு வராது.