இறங்கினால் ஏறலாம், பூட்டினால்?

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் கால்பந்து. மீதியில் ஒருவர் மட்டும் தங்கம் விலை கேட்டிருக்கிறார். அவருக்கு அடுத்த வாரம்.

கடைசி ரயில் ரசிகர், செங்கல்பட்டு
கேள்வி: இரண்டு தடவை சாம்பியன் ஆன சென்னையின் எஃப்.சி.க்கு ஏன் கடையைச் சாத்தும் கதி?

பதில்: 2015-ல் கோவா ஊருக்கே போய் கோவாவை 3-2 என்று ஜெயித்தோம். 2018-ல் பெங்களூரு ஊருக்கே போய் பெங்களூருவை அதே 3-2. இரண்டு கோப்பையும் பத்திரமாக இருக்கின்றன. கோப்பையைக் காட்டினால் யாரும் சம்பளத்துக்குக் கடன் தர மாட்டார்கள், அவ்வளவுதான்.

2010-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தின் மேல் கட்டிய மாடிதான் ஐ.எஸ்.எல். எனும் இந்தியன் சூப்பர் லீக். ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிய இருந்தது, அடுத்தது கையெழுத்தாகவில்லை. அந்த வருஷம் ஜூலையில் லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு சம்பளத்தை நிறுத்தியது. நம்மவர்கள் கிளப்பின் செயல்பாட்டையே நிறுத்தினார்கள். முடியும் தேதி 15 வருஷம் முன்பே எழுதியிருந்தது. நம் ஊரில் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையே ரெண்டு மாசம் முன்னால் பேசி முடிப்பார்கள்.

அலைச்சறுக்கு பழகுபவர், மாமல்லபுரம்
கேள்வி: எங்க ஊரில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்த அதே வாரம்தானே இவங்க கடையைச் சாத்தினாங்க?

பதில்: அதே வாரம்தான். ரமேஷ் புதிஹால் உங்கள் கடலில் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். ஒரு வசதி பாருங்கள்: அலைக்கு வணிக உரிமை ஒப்பந்தம் கிடையாது. டிசம்பர் 8 தாண்டியும் அடிக்கும்.

சினிமா ரசிகர், மறைமலைநகர்
கேள்வி: அபிஷேக் பச்சன் இருக்கிறார், தோனி இருக்கிறார், வீட்டா டானி இருக்கிறார். பணக் கஷ்டம் என்றால் நம்பவா முடிகிறது?

பதில்: முதலாளியிடம் பணம் இருப்பது வேறு, கிளப் பணம் சம்பாதிப்பது வேறு. செலவுப் பக்கம்: வீரர்கள், வெளிநாட்டு வீரர்கள், அவர்களுடைய வீட்டு வாடகை, கொல்கத்தாவுக்கும் குவாஹாட்டிக்கும் விமானம், மைதான வாடகை, இளையோர் அணிகள். வரவுப் பக்கம்: லீக் தரும் பங்கு, ஸ்பான்சர், டிக்கெட், ஜெர்சி. நீங்களும் நானும் ஜெர்சி வாங்கி ஒரு வெளிநாட்டு வீரரின் ஷூ லேஸ் செலவைத்தான் ஈடுகட்ட முடியும். வித்தியாசத்தை வருஷா வருஷம் முதலாளி கைக்காசிலிருந்து போடுகிறார். லீக் நடக்குமா என்றே தெரியாதபோது எந்தக் கைக்கும் பையிலிருந்து வெளியே வர மனசு வராது.

டர்ஃப் நடத்துபவர், கேளம்பாக்கம்
கேள்வி: என் டர்ஃப் ராத்திரி 12 மணி வரை ஃபுல். நாட்டின் முதல் லீக்கை நடத்த ஒருத்தரும் ஏலம் கேட்கலையாமே?

பதில்: 2025 நவம்பர் 7 கெடு முடிந்தது, ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. வருஷத்துக்குக் குறைந்தது 37.5 கோடி, அதுவும் 15 வருஷம், ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் பெரும்பாலும் சம்மேளனத்திடம். யார் வருவார்கள்?

உங்கள் கடையை நினைத்துப் பாருங்கள். பதினாலு பேர் வருகிறார்கள். ஒருவர் மொத்தமாகக் கட்டிவிட்டு மற்ற பதிமூன்று பேரிடம் ஜி-பே கேட்டுக் கேட்டு நட்பை இழக்கிறார். நீங்கள் காசு வந்த பிறகுதான் லைட்டைப் போடுகிறீர்கள். ஆடிவிட்டுப் போனவர்கள் ஷூவுக்குள் சேர்ந்த கறுப்பு ரப்பர் துகளை வீட்டு ஹாலில் கொட்டி வாங்கிக்கட்டிக்கொள்கிறார்கள். திரும்ப ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். இந்த ஊரில் கால்பந்துக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது. அவர்களிடமிருந்து லீக் வரைக்கும் போகும் வழியைத்தான் யாரும் போடவில்லை.

மஞ்சள் சட்டைக்காரர், கல்பாக்கம் குடியிருப்பு
கேள்வி: நான் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன். சென்னையின் கீழே இறங்கினால் நாங்கள் லட்டு கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள் சேட்டா, எனக்கும் ரெண்டு. ஆனால் அடுத்த வருஷம் யாரோடு சண்டை போடுவீர்கள்? பங்காளி இல்லாத ஊரில் திருவிழாவுக்கு ருசி இருக்காது. தவிர, 2014, 2016, 2022 என்று மூன்று ஃபைனல் ஆடி மூன்றிலும் வெறுங்கையோடு வந்தவர்கள் லட்டுப் பெட்டியை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது.

கவலையுள்ளவர், சிங்கப்பெருமாள்கோவில்
கேள்வி: தரமிறக்கம் வந்தால் நம் கிளப் செத்துப்போகாதா?

பதில்: இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியபோது ஏணியும் கிடையாது, பள்ளமும் கிடையாது. பணம் கட்டினால் நாற்காலி. பிறகு ஏணி மட்டும் வைத்தார்கள்: ஐ-லீக்கிலிருந்து 2023-ல் பஞ்சாப், 2024-ல் முகமதன், 2025-ல் இன்டர் காசி ஏறி வந்தன. இன்டர் காசி ஆடி ஏறியது பாதி. சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் ஏறியது மீதி. 2025 வரை இறங்கியது யார்? ஒருவரும் இல்லை. 2024-25 பட்டியலில் 13 அணிகளில் நாம் 11-வது. பள்ளம் இருந்திருந்தால் விளிம்பில்தான் நின்றிருப்போம்.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்த சம்மேளன விதிகள், முதல் லீக்கில் ஏற்றமும் இறக்கமும் இருக்க வேண்டும் என்கின்றன. 2026 பிப்ரவரி 14-ல் 14 அணிகளோடு ஒற்றைச் சுற்றாக லீக் தொடங்குவதற்கு முன், "இந்த ஒரு வருஷம் இறக்கம் வேண்டாம்" என்று கிளப்கள் கேட்டன. கேட்டதில் நியாயம் உண்டு. பாதி வருஷம் பயிற்சியே இல்லாமல் 13 ஆட்டம் ஆடி, அதில் தலையெழுத்தை முடிவு செய்வது கொடுமை.

ஆனால் உங்கள் பயம் தப்பான பக்கம் பார்க்கிறது. புனே சிட்டி 2019-ல் மூடியது. டெல்லி டைனமோஸ் அதே வருஷம் மூட்டை கட்டி ஒடிசா ஆனது. 2022-ல் கோப்பை வாங்கிய ஹைதராபாத், சம்பளப் பாக்கியில் தள்ளாடி, கை மாறி, 2025-ல் டெல்லிக்குப் போய்ப் பெயரையே மாற்றிக்கொண்டது. இவர்களில் ஒருவரும் தரமிறக்கப்படவில்லை. இறக்கமே இல்லாத லீக்கில்தான் இத்தனை சாவு. இறங்கினால் ஏற ஒரு படி இருக்கும். சாவியை எடுத்துக்கொண்டு முதலாளி போய்விட்டால் படியும் இல்லை, வீடும் இல்லை.

மகேந்திரா சிட்டியில் வேலை பார்க்கும் கோவைக்காரர்
கேள்வி: சென்னை சிட்டியை எல்லாரும் மறந்துவிட்டீர்களே?

பதில்: மறப்பேனா? 2019 மார்ச்சில் கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று ஐ-லீக் கோப்பை. பெட்ரோ மான்ஸி மட்டும் 21 கோல். பெயரில் சென்னை, ஆட்டம் கோவையில், பங்கில் ஒரு பகுதி சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்புக்கு. 2021-22 சீசனில் ஐ-லீக் பட்டியலிலேயே பெயர் இல்லை. மூன்று ஊர் சேர்ந்தும் ஒரு கிளப்பைக் காப்பாற்ற முடியவில்லை.

ராத்தூக்கம் கெட்டவர், வண்டலூர்
கேள்வி: என் வீட்டுக்காரர் இங்கிலாந்து மேட்ச் பார்த்து ராத்திரி ஒரு மணிக்கு அழுகிறார். அங்கேயும் இதே கதையா?

பதில்: அம்மா, அங்கே அழுகை ரொம்பப் பழசு. லீட்ஸ் 2001-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடியது, கடன் வாங்கி வீரர்களை வாங்கியது, 2004-ல் இறங்கியது, 2007-ல் மூன்றாம் டிவிஷன். 2020-ல் திரும்பி வந்தது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் 2012-ல் திவாலாகி நாலாம் டிவிஷனில் ஆடியது, 2021-ல் சாம்பியன். இடைப்பட்ட வருஷங்களில் அந்த ஊர்க்காரர்கள் மழையில் நனைந்துகொண்டு கீழ் டிவிஷன் ஆட்டங்களைப் போய்ப் பார்த்தார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்துப் படுக்கச் சொல்லுங்கள். பதினாறு வருஷ வேலை இருக்கிறது.

சீட்டுப் பிடிப்பவர், கோவளம்
கேள்வி: ரசிகர்கள் நாமே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு கிளப்பை வாங்கிவிட்டால்?

பதில்: இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் 2013-ல் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு பங்கு போட்டு வாங்கிக் காட்டினார்கள். கிளப் நிமிர்ந்தது. 2017-ல் பெரிய முதலீடு வேண்டும் என்று ஓட்டுப் போட்டு, டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரிடம் விற்றார்கள். ஜெர்மனியில் கிளப்பின் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதி. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் ரெண்டு ரசிகர் கூட்டமும் சேர்ந்தால் சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் பங்கு கேட்கும் முன் கணக்கு கேளுங்கள். வருஷம் ஒரு தடவை வரவு செலவை ரசிகர் முன் வைக்கச் சொல்லுங்கள். சீட்டுப் பிடிக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

சிற்பக்கூடத்துப் பையன், மாமல்லபுரம்
கேள்வி: கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையைக் கிளப் சின்னமாக வைக்கலாமா?

பதில்: சரிவிலேயே நின்று, எத்தனை பேர் தள்ளினாலும் கீழே இறங்காத உருண்டை. கிளப்புக்கு வேண்டாம் தம்பி, தரமிறக்கம் இல்லாத லீக்குக்குத்தான் பொருத்தம்.

கிரிக்கெட் பிரியர், திருப்போரூர்
கேள்வி: இத்தனை அவஸ்தை எதற்கு? பேசாமல் சி.எஸ்.கே. பார்க்கலாமே?

பதில்: பார்க்கலாம். 2025-ல் பத்து அணிகளில் பத்தாவது வந்தவர்கள். ஐ.பி.எல்.லில் தரமிறக்கம் இருந்திருந்தால் தோனியின் இரண்டு டீமும் ஒரே பயத்தில் இருந்திருக்கும்.

ஒரு கோல்கீப்பரின் அம்மா, திருக்கழுக்குன்றம்
கேள்வி: பையன் கால்பந்து வீரனாகத்தான் ஆவேன் என்கிறான். விடலாமா?

பதில்: விடுங்கள், ஆனால் பட்டப்படிப்பை முடிக்கச் சொல்லுங்கள். சென்னைக் கால்பந்தை ரொம்ப காலம் தாங்கியது இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை அணிகள்தான். சாயங்காலம் ஆட்டம், மாதம் பிறந்தால் சம்பளம். 2026 ஜனவரியில் சுனில் சேத்ரியும் குர்ப்ரீத்தும் "எங்கள் விளையாட்டைக் காப்பாற்றுங்கள்" என்று உலகச் சம்மேளனத்திடம் வீடியோவில் முறையிட்ட நாட்டில், ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் முழுசாகப் படிக்கும் கோல்கீப்பர்தான் நல்ல கோல்கீப்பர்.

பழைய சீசன் டிக்கெட்காரர், ஊரப்பாக்கம்
கேள்வி: நிஜமாகச் சொல்லுங்கள். இறங்கிவிட்டால் பெரியமேட்டு மைதானத்துக்கு மேட்ச் பார்க்க வருவீர்களா?

பதில்: கண்டிப்பாக. டிக்கெட் விலை இறங்கும், நல்ல இடமாகப் பார்த்து உட்காரலாம், கோல் அடிப்பதும் அநேகமாக நம் வியாசர்பாடிப் பையனாக இருப்பான். வெளிநாட்டுக்காரரை வாங்கத்தான் காசு இருக்காதே!